ராஜகீழ்ப்பாக்கத்து ராசிக்கை

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்று ஜெயவேலு வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "நம்ம ராசிக்கையா?" என்றுதான் பதில் வரும். ஏதோ வைத்தியர் போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அப்பன் விட்டுப்போன கழனியை மனை மனையாகப் பிரித்து விற்று, மிஞ்சிய துண்டில் மூன்று மாடி எழுப்பி, கீழே பேக்கரிக்கும் மருந்துக் கடைக்கும் வாடகைக்கு விட்டபின், வாழ்க்கையில் ஒரு துரும்பையும் எடுத்துப் போடாத கை அது. அந்தக் கைக்குத்தான் ராசி என்று பெயர்.

அந்தப் பெயர் வந்த விதமே தனி. பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கும் வழக்கம் இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் உண்டு. தெற்கத்திக்காரர்கள் அதைச் சேனை என்பார்கள். வைக்கிறவர் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. ஜெயவேலு என்றோ ஒருநாள் தன் தங்கை மகனுக்கு வைத்தார். அந்தப் பையன் படித்து அமெரிக்கா போய்விட்டான். விடியற்காலையில் அவனைப் படிக்க எழுப்பி, பக்கத்திலேயே தூங்கி வழிந்தபடி உட்கார்ந்திருந்த தாயைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லாம் ஜெயவேலுவின் விரல் என்றார்கள். அதே விரல் தொட்டு வைத்த பக்கத்துத் தெரு இரட்டையர் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லையே என்றால், அது அவர்கள் தலையெழுத்தாம்.

அன்று முதல் சேலையூரிலோ செம்பாக்கத்திலோ ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தால் போதும். குழந்தையைப் பெற்ற தகப்பனுக்கு முன்னால் இவர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார். சலவை வேட்டி, ஜவ்வாது வாசனை, கையில் வெள்ளிக் கிண்ணம். ஒரு சொட்டு என்பார். ஜெயவேலுவின் ஒரு சொட்டு ஒருநாளும் ஒன்றோடு நின்றதில்லை. ஒரு முறை ஒரு சிசுவுக்குப் புரையேறி முகம் நீலம் பாரித்துவிட்டது. நர்ஸ் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். "பாத்தியா, இன்னா ரோஷம்!" என்று சிரித்தார் இவர். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். அந்த விரல் அதற்கு முன் எங்கெல்லாம் இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த மகானுக்கு மருமகளாக வந்தவள்தான் தேவதர்ஷினி. ஊரப்பாக்கத்துப் பெண். கணவன் பாலு நல்லவன். நல்லவன் என்றால், அப்பா உட்கார் என்றால் உட்கார்ந்து, எழுந்திரு என்றால் எழுந்திருக்கும் வகை.

தேவதர்ஷினிக்கு ஏழாம் மாதம் நடக்கும்போதே ஒன்பது மாதம் போல வயிறு முன்னால் வந்து நின்றது. மூச்சு வாங்கியது. ஒருக்களித்துப் படுத்தாலும் தூக்கம் வரவில்லை. அவள் தவிப்பு ஜெயவேலுவுக்குத் திருவிழாவாகிவிட்டது. பேக்கரிக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம பாலு வூட்டுல வயிறு பாத்தியா? சிங்கக்குட்டிப்பா! உள்ள எடம் பத்தலை" என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தார். தட்டிக்கொள்ள அவருக்கு வேறு என்னதான் இருந்தது?

வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மா வயிற்றை அளந்து பார்த்து முகம் சுளித்தார். உடனே ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார். கூடப் போனவள் மாமியார் கீதா. பாலு வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான்.

ஸ்கேன் பார்த்தவர் டாக்டர் ஸ்ம்ருதி. இளவயது, மெல்லிய குரல். திரையில் ஓர் இடத்திலேயே வெகுநேரம் நின்றார்.

"பதறாம கேளுங்க. இந்தக் கருப்பு உருண்டை தெரியுதா? அது குழந்தையோட இரைப்பை. அது இருக்கணும். பக்கத்துலயே இன்னொரு உருண்டை இருக்கு பாருங்க. அது இருக்கக்கூடாது."

"அஞ்சாம் மாசம் எல்லாம் நல்லா இருக்குன்னாங்களே டாக்டர்?" தேவதர்ஷினி கேட்டாள்.

"அப்போ தெரியாம இருந்திருக்கலாம்மா. நிறைய பேருக்கு இந்த மாசங்கள்லதான் தெரிய வரும். இரைப்பையைத் தாண்டினதும் குடல் ஆரம்பிக்கிற இடத்துல வழி அடைச்சிருக்குன்னு நினைக்கிறேன். குழந்தை உள்ள இருக்கிற தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். அது கீழ இறங்கினாத்தான் உடம்புல சேரும். இறங்க வழியில்ல. அதான் தண்ணி தேங்கி உங்க வயிறு இவ்வளவு பெருசா இருக்கு."

அப்படியானால் ஊரே கண் வைத்த அந்த வயிறு சிங்கக்குட்டியின் வயிறு அல்ல. ஒரு பச்சை மண் குடிக்க முடியாமல் விட்ட தண்ணீர்! தேவதர்ஷினியின் கண்ணீர் காதோரமாக வழிந்து தலையணையில் இறங்கியது.

ஸ்ம்ருதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். வயிற்றுக்குள் இருக்கும்போது இதற்கு வைத்தியம் இல்லை. பிறந்த பிறகு ஆபரேஷன் செய்து குடலை இணைப்பார்கள். வேறு கோளாறு இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்ந்துவிடும். இப்படிக் குடல் அடைத்த குழந்தைகளில் சிலருக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம், இதயக் கோளாறும் இருக்கலாம். அதனால் வயிற்று நீரை எடுத்து ஒரு சோதனை, குழந்தையின் இதயத்துக்குத் தனியாக ஒரு ஸ்கேன். நீர் மிகவும் அதிகமானால் ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துவிடுவார்கள். நாள் நெருங்கும் முன்னாலேயே வலி வந்துவிடலாம் என்பதை மறக்கவே கூடாது.

"சிசேரியன்தான் பண்ணணும்னு இல்ல. எங்க பிறக்குதுங்கறதுதான் முக்கியம். பச்சைக் குழந்தைக்கு ஆபரேஷன் பண்ற சர்ஜன் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில பிறக்கணும். பிறந்ததும் குழாய் போட்டு இரைப்பையைக் காலி பண்ணிடுவாங்க. அதுவரைக்கும் வாயில ஒண்ணும் கொடுக்கக்கூடாது. தாய்ப்பால்கூட."

அதுவரை வாயே திறக்காத கீதா கேட்டாள்: "சக்கரத் தண்ணி?"

"ஒரு சொட்டுகூட வேண்டாம்மா. கீழ போக வழியில்லாம மேல வரும். நுரையீரலுக்குள்ள போயிட்டா உயிருக்கே ஆபத்து."

மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவர் கண்ணிலும் ஒரே வெள்ளிக் கிண்ணம்.

அன்று மாலை வீட்டில் விஷயம் உடைந்தது. ஜெயவேலு காபியை உறிஞ்சி முடித்தார். பிறகு சிரித்தார்.

"ரெண்டு குமிழி தெரிஞ்சா ஆபரேஷனா? சோடா பாட்டில்லகூடத்தான் குமிழி கீது. வவுத்தக் கிழிப்பாங்களா?"

"அப்பா, டாக்டர் வந்து..." என்று பாலு தொடங்கினான்.

"நீ சும்மா கெடடா. நம்ம வம்சத்துல எவனுக்குனா கொடல் அடைச்சிகினு பொறந்துகீதா? கல்லத் துன்னாலும் செரிக்கிற வம்சம்! எல்லாம் பயம் காட்டிப் பொழைக்கிற ஸ்கேன்காரனுங்க வேல. இங்க பாரு தேவி, இந்தப் பேச்சு இந்த வூட்டத் தாண்டக் கூடாது. ராசிக்கை வூட்டுலயே கொறப் புள்ளன்னு நாலு பேரு பேசினா, அப்புறம் என்னை எவன் கூப்புடுவான்?"

பார்த்தீர்களா? பிறக்காத சிசுவின் குடலைப் பற்றி அல்ல, பிறந்த நாளிலிருந்து தான் சுமக்கும் கௌரவத்தைப் பற்றித்தான் இந்த மனிதருக்குக் கவலை. சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மருக்குப் பானகம் வேண்டிக்கொண்டார். பெருமாளுக்கே சர்க்கரைத் தண்ணீர்! அதைவிட்டால் அவருக்கு வேறு மருந்து தெரியாது. பிரசவம் தெருமுனை நர்சிங் ஹோமில்தான், தன் கிண்ணம்தான் என்று முடிவும் சொல்லிவிட்டார்.

நீர்ச் சோதனை நல்லபடியாக வந்தது. இதயமும் சரியாக இருந்தது. அந்த முடிவுகளைக் கேட்டபோது தேவதர்ஷினி அழுத அழுகையை அந்த வீட்டில் கீதா ஒருத்திதான் கண்டாள். ஜெயவேலுவோ, "நான் சொன்னேன்ல? ஒண்ணுமில்ல!" என்றார். குடல் அடைப்பு அப்படியே இருக்கிறது மாமா என்றவளிடம், "அதும் போய்டும்" என்று கையை ஆட்டினார்.

வளைகாப்பு அவருடைய கட்டடத்து மாடி ஹாலிலேயே நடந்தது. சந்தனமும் பன்னீரும் மணக்க, ஊர்ப் பெண்கள் வரிசையாக வந்து வளையல் அடுக்கினார்கள்.

"அடியம்மா, வயிறா இது? ரெட்டையாடி?"

"ரெட்டையும் இல்ல, மூணும் இல்ல. ராசிக்கை பேரன்டி! இப்பவே ஆளு ஒசரம்!"

"எவ்ளோ துன்ற நீ? எங்களுக்கும் கொஞ்சம் வெய்யி!"

சிரிப்பலை எழுந்தது. தேவதர்ஷினியும் சிரித்தாள். வளையல் குலுங்கும் கைகளால் அந்த வயிற்றை மூடிக்கொண்டு சிரித்தாள். குடிச்சிட்டு வாந்தி எடுக்கறியாடா கண்ணு உள்ளே, அம்மாவுக்குத் தெரியுமே என்று அவள் நெஞ்சு அலறியது யாருக்குக் கேட்டது?

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது முறை. அவள் அம்மா கங்கையம்மாள் அந்த முறையைக் கத்தி போல எடுத்து நீட்டினாள்.

"தலைப்பிரசவம் எங்க வூட்டுப் பொறுப்பு சம்பந்தி. எங்க பாக்கணும்னு நாங்கதான் முடிவு பண்ணுவோம். சிட்டியில பெரிய ஆஸ்பத்திரியில எழுதி வெச்சாச்சு."

சபையில் வழக்கத்தை மறுக்க முடியாமல் ஜெயவேலுவுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. வழக்கத்தை வைத்தே பேர் வளர்த்தவர் அல்லவா! பல்லைக் காட்டிச் சொன்னார்: "பொறப்பு உங்க பொறுப்பு சம்பந்தி. நாக்கு என் பொறுப்பு."

இரவோடு இரவாகப் பாலுவின் காதிலும் ஓதிவிட்டார். வலி எடுத்தால் வண்டியை நேராக ராஜகீழ்ப்பாக்கத்துக்குத்தான் விட வேண்டும். பாலு தலையாட்டினான். கிளம்பி நின்ற தேவதர்ஷினி அதைக் கவனித்துவிட்டாள்.

தேவதர்ஷினி ஊரப்பாக்கத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஒரு முறை வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். மூச்சு கொஞ்சம் லேசானது. குழந்தைகளுக்கான சர்ஜன் டாக்டர் அச்சுதன் அவளையும் பாலுவையும் உட்காரவைத்து, எதை வெட்டுவோம், எதை எங்கே இணைப்போம் என்று விளக்கினார். பாலு அங்கேயும் தலையாட்டினான். எந்தத் தலையாட்டல் நிஜமானது என்று தெரியாமல் தேவதர்ஷினி இரவெல்லாம் புரண்டாள்.

சொல்லிவைத்த தேதிக்கு வெகு முன்னதாக, ஒரு திங்கட்கிழமை காலையில், காபி டம்ளரோடு எழுந்தவளின் பனிக்குடம் உடைந்தது. முந்தின நாள் வந்திருந்த பாலு காரை எடுத்தான். பின்சீட்டில் தேவதர்ஷினி, அவள் தலையை மடியில் தாங்கிய கங்கையம்மாள். ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் தாண்டி, பெருங்களத்தூர் நெரிசலில் ஊர்ந்து கொண்டிருக்கும்போதே காருக்குள் ஜெயவேலுவின் குரல் ஸ்பீக்கரில் அலறியது.

"இன்னாடா, எங்க கீற? மேம்பாலம் ஏறிட்டியா? இங்க எல்லாம் ரெடி. டாக்டராண்ட சொல்லிட்டேன். மேளம்கூட வர்றான்!"

பிரசவத்துக்கு மேளம்! ஆள் வைத்துப் புகழ் பாடிக்கொள்ளும் பிறவிக்கு வேறு என்ன தோன்றும்?

தாம்பரம் வந்தது. மேம்பாலம் ஏறினால் கிழக்கே ராஜகீழ்ப்பாக்கம். ஏறாமல் நேரே போனால் நகரம், டாக்டர் அச்சுதன், உயிர். பாலுவின் கை தானாக நீண்டது. இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கியது.

கல்யாணமான நாளிலிருந்து 'ஏங்க' என்று மட்டுமே கூப்பிட்டவள், வலியில் உதட்டைக் கடித்தபடி முதல்முறையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"பாலு. நீ பாலம் ஏறினா இந்தப் புள்ள உங்கப்பா கையாலதான் சாவும். சாவட்டும்னா ஏறு. நான் தடுக்க மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் என் மூஞ்சியப் பாக்காத."

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துத் தீர்த்தது. ஸ்பீக்கரில் ஜெயவேலு இன்னும் மேளக்காரனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பாலு வியர்வையைத் துடைத்தான். இண்டிகேட்டர் நின்றது. போனையும் அணைத்தான். வாழ்க்கையில் அந்த மனிதன் அப்பாவின் பேச்சை நடுவில் துண்டித்தது அதுதான் முதல் தடவை. கார் நேராகப் போயிற்று.

பெண் குழந்தை. வீல் என்று கத்திக்கொண்டு வந்தது. ஒரு கணம்தான் தேவதர்ஷினி முகம் பார்த்தாள். சின்ன நெற்றி, கோபத்தில் சுருங்கிய மூக்கு. அதற்குள் வாய்வழியாக மெல்லிய குழாய் இறக்கி இரைப்பையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். பச்சையாக வந்தது. நர்ஸ் ஜீவிதா குழந்தையைச் சூடு தரும் தள்ளுவண்டியில் வைத்துச் சிசுப் பிரிவுக்குக் கொண்டு போனாள். சற்றுப் பொறுத்துத் தேவதர்ஷினியையும் சக்கர நாற்காலியில் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

திரும்பும் இடத்தில் அவள் அந்தக் காட்சியைக் கண்டாள்.

தள்ளுவண்டி நடுவழியில் நிற்கிறது. குறுக்கே ஜெயவேலு. அதே சலவை வேட்டி, அதே கிண்ணம். மகன் போனை அணைத்ததும் கீதாவையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் பறந்து வந்திருக்கிறார். பின்னால் இரண்டு ஜால்ராக்கள், ஒருவன் போனில் வீடியோ எடுக்கிறான்.

"நகருங்க சார்! குழந்தைக்கு வாயில ஒண்ணும் வைக்கக்கூடாது!" என்கிறாள் ஜீவிதா.

"ஒரு சொட்டும்மா. ஊருக்கே வெச்ச கை. சொந்தப் பேத்திக்கு வெக்காம வூட்டுக்குப் போனா நான் எப்பிடி ரோட்டுல நடக்கறது?"

"செக்யூரிட்டி!"

"பொண்ணாப் போனா இன்னா, மகாலட்சுமி" என்றபடி அவர் விரலைக் கிண்ணத்தில் தோய்த்தார். குனிந்தார். ஜீவிதா இரண்டு கைகளாலும் குழந்தையை மறைத்தாள். தேவதர்ஷினி சக்கர நாற்காலியிலிருந்து எழ முயன்றாள்.

கிண்ணம் அவர் கையில் இல்லை.

கீதா அவர் நீட்டிய விரலைத் தட்டிவிட்டு அதைப் பிடுங்கியிருந்தாள். முப்பத்தைந்து வருடம் அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவியவள், எல்லோரும் பார்க்க, அந்தச் சர்க்கரைத் தண்ணீரை அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"யோவ்! சமையக்கட்டுத் தொட்டி அடைச்சிகினா மேல தண்ணி ஊத்துவியா நீ? ஊத்தினா இன்னா ஆவும்? அந்த அறிவுகூட இல்லாம நாப்பது புள்ளைக்கு ராசி வெச்சியா? உன் ராசிய நான் குடிச்சிட்டேன். முப்பத்தஞ்சு வருசமா முழுங்கி முழுங்கி எனக்குத்தான அது பழக்கம்! போ, வெளிய போய் நில்லு!"

வீடியோ எடுத்தவன் போனை மெல்ல இறக்கினான். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செக்யூரிட்டி வந்து தோளைத் தொட்டதும் ஜெயவேலு ஈர விரலை வேட்டியில் துடைத்தபடி நகர்ந்தார். ஊரே கையேந்தி அழைத்த விரல், துடைக்க இடமில்லாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டது. தள்ளுவண்டி சிசுப் பிரிவுக்குள் போய்விட்டது.

மறுநாள் ஆபரேஷன். அச்சுதன் வெளியே வந்து, "இணைச்சாச்சு. இனிமே குடல் வேலை செய்யணும். குழாய்ல வர்ற பச்சை வெளுக்கணும், குழந்தை ஆய் போகணும். அப்புறம்தான் பால்" என்றார்.

அதன்பின் வந்த நாட்களை என்னவென்று சொல்ல! ஊரில் மற்ற வீடுகள் பேருக்கும் ஜாதகத்துக்கும் அலைய, இந்த வீடு ஒரு சிசுவின் மலத்துக்காகத் தவமிருந்தது. தேவதர்ஷினி பாலைப் பீய்ச்சி வைத்தபடி, கண்ணாடிக்கு வெளியே நின்று நின்று கால் வீங்கினாள். குழாய் நீர் பச்சையிலிருந்து மஞ்சளானது. மஞ்சள் வெளுத்தது.

ஜெயவேலு தினமும் வந்தார். உள்ளே விடமாட்டார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற நர்ஸையெல்லாம் மறித்து, "போச்சாம்மா? பேத்தி போய்ட்டாளா?" என்று கேட்டார். அந்த மனிதருக்குத் தகுந்த வேலை கடைசியில் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டாள் தேவதர்ஷினி. அவர் கண் கலங்கியிருப்பதையும் ஒருநாள் பார்த்தாள். மனம் இளகவில்லை. தாம்பரத்தில் அடித்த இண்டிகேட்டர் அவள் காதில் இன்னும் ஓயவில்லை.

ஒரு மதியம் ஜீவிதா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "போயிடுச்சுக்கா! நல்லாவே போயிருக்கு!"

குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் போயிற்று. திரும்பி வரவில்லை. அளவைக் கூட்டினார்கள். அதுவும் தங்கியது. பிறகு ஒருநாள் குழாயை எடுத்துவிட்டு, அந்தப் பூஞ்சிட்டை அவள் மடியிலேயே வைத்தார்கள். குழந்தை தேடிற்று. கண்டுபிடித்தது. குடித்தது. தேவதர்ஷினி மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்ன வாயின் ஓரத்தையே பார்த்தாள். ஒன்றும் திரும்பி வரவில்லை. உள்ளே எங்கோ, அடைத்திருந்த வழியைத் தாண்டி, அவளுடைய பால் இறங்கிக்கொண்டிருந்தது.

கதவுக்கு வெளியே ஜெயவேலுவின் குரல் வராந்தா அதிரக் கேட்டது. போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"நான்தான்பா சொன்னேன், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்டுங்கன்னு. இவங்களுக்கு இன்னா தெரியும்? அப்பவே எனக்கு மனசுல பட்டுச்சி..."

"வாய மூடு" என்றது கீதாவின் குரல். "புள்ள பால் குடிக்குது."

அவர் போனை வைக்கவில்லை. பொய்யையும் நிறுத்தவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார். அந்த மனிதரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்பது தேவதர்ஷினிக்குத் தெரியும். அவள் குழந்தையை மறு மார்புக்கு மாற்றினாள்.